லிஃப்ட்காரர் ஏறிய படிகள்

தெருவில் பாதிப் பேருக்கு இன்ஷூரன்ஸ் போட்டுவிட்ட நாத்தனார், சொந்த அண்ணனிடம் மட்டும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பம்பரத்துக்கு இது முள்ளாய் உறுத்திக்கொண்டே இருந்தது.

பம்பரம் என்பது கணவர் அவளுக்கு வைத்த பெயர். உட்கார் என்றால் உட்கார மாட்டாள். தப்பித்தவறி உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். வீட்டின் முன்னறையில் பெரிய ஓவன் ஒன்றை வைத்துக்கொண்டு கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறாள். பிறந்தநாள், கல்யாண நாள், வேலை மாறிப் போகிறவருக்கு வழியனுப்பு என்று வாரம் முழுக்க ஏதாவது வரும். கணவர் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் ஓடுகிற பள்ளத்துக்குள் இறங்குவதும், உச்சியில் மோட்டார் அறைக்கு ஏறுவதுமாக அவர் பிழைப்பு போகிறது. தெருவில் அவர் லிஃப்ட்காரர். நாலாவது படிக்கிற பாப்பா ஒருத்தி. குடும்பம் அவ்வளவுதான்.

வீடு சொந்த வீடு. ஆனால் பள்ளத்தில் இருக்கிறது. தெருக்கோடியில் கால்வாய். போன மழைக்கு அது கரை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. இந்த வீட்டு வாசற்படி வரை வந்து, என்ன நினைத்ததோ, நின்றுவிட்டது. எதிர் வீட்டில் அப்படி நிற்கவில்லை. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் அங்கே குடியிருந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கக் கை வைத்தார். அதோடு முடிந்தது.

இப்போது மறுபடியும் மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அன்று காலை பம்பரம் மைதா மூட்டைகளை ஒவ்வொன்றாக மேல் அலமாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க தங்கச்சிய ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா?"

"வரட்டுமே. அவ வர்றதுக்கு என்னைக் கேக்கணுமா?"

"பாலிசி பேப்பரோட வரச் சொல்லட்டுமான்னு கேக்கறேன்."

லிஃப்ட்காரர் லேஸை இழுத்துக் கட்டினார். "நான் செத்தா என்ன விலைக்குப் போவேன்னு பாக்க அவ்வளவு ஆசையா?"

"விளையாடாதீங்க."

"இந்த உடம்புக்கு கம்பெனி வாரன்ட்டி இருக்குடி. இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்."

இதுதான் அவர் பாணி. எந்தப் பேச்சையும் சிரிப்பாக்கி நழுவிவிடுவார். பம்பரமும் விடுகிறவள் இல்லை. "ஒரு கயிறே மொத்த லிஃப்ட்டையும் தாங்கும், இருந்தாலும் அத்தனை கயிறு போட்டிருக்கோம், அதுவும் போச்சுன்னா பிடிக்கிறதுக்குக் கீழே பிரேக், அதுக்கும் கீழே ஸ்பிரிங்னு பாப்பாகிட்ட அளக்கறீங்களே. அதெல்லாம் எதுக்காம்?"

"அது சட்டம்."

"வீட்டுக்கு யாரும் சட்டம் போடலை. நாமதான் போட்டுக்கணும்."

அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தது போலத்தான் இருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். பம்பரம் அடுத்த மூட்டையை ஆத்திரத்தோடு தூக்கி வைத்தாள்.

அன்று மதியமே எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வேன்காரர் மனைவி வந்திருந்தாள். பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மிச்சமிருந்த சாமான்களை எடுத்துப்போக வந்தாளாம். பம்பரம் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் பழுப்பாகத் தெரிந்தது. கட்டில் பலகை உப்பிப்போய்க் கிடந்தது.

என்ன கேட்பது என்று தெரியாமல், "பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"இருக்காங்கக்கா. அண்ணி நல்லவங்கதான். ஆனா சாப்பிடறப்ப பெரியவன் ரெண்டாவது தடவை சோறு கேக்கறதே இல்ல. வயசுப் பையன், பசிக்காமலா இருக்கும்?"

பம்பரம் கீழே கிடந்த ஒரு பாத்திரத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

வேன்காரர் மனைவி அதைத் துணியில் சுற்றிக்கொண்டே பேசினாள். "உங்க நாத்தனார் எங்க வீட்டுக்கும் வந்தாங்க தெரியுமா? எமனோட செக்ரட்டரி வந்தாச்சு, வாசலைச் சாத்துன்னு அவர் கத்துவார். அவங்களும் சிரிச்சுக்கிட்டே போயிடுவாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்க்கா."

"விடும்மா. யாருக்குத் தெரியும்?"

"அவர் போன அன்னைக்கு ராத்திரியே, வேனை வித்தா என்ன வரும், எத்தனை மாசம் ஓட்டலாம்னு மனசு கணக்குப் போடுது. அழுதுக்கிட்டே கணக்கு. எவ்வளவு கேவலமா இருந்துச்சு தெரியுமா? ஒரு மனுஷனுக்காக ஒழுங்கா உக்காந்து அழக்கூட எனக்குக் கொடுத்து வைக்கல."

சொல்லிவிட்டு அவள் பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். குரல்கூட உடையவில்லை. பம்பரம் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள். அன்று சாயங்காலம் கேக் அடி தீய்ந்தது. அவள் கைக்கு அப்படி ஆனதே இல்லை. மறுபடி மாவு கலக்கும்போதும் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். இந்த ஓவன் தண்ணீரில் முங்கினால் என்ன ஆகும்? அவர் ஒரு நாள் அந்த லிஃப்ட் பள்ளத்திலிருந்து ஏறி வராவிட்டால் என்ன ஆகும்? பாப்பா யார் வீட்டுத் தட்டில் இரண்டாவது முறை கேட்காமல் எழுந்திருப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கைப்பை, குடை, வாய் நிறையச் சிரிப்பு. பாப்பாவுக்குக் கலர் பென்சில் வாங்கி வந்திருந்தாள். அலுவலகக் கதை, மாமியார் கதை, முட்டு வலிக் கதை எல்லாம் வந்தது. இன்ஷூரன்ஸ் மட்டும் வரவில்லை. பல் தேய்க்கிற நேரத்தில்கூட அடுத்த வீட்டுக்காரருக்கு பாலிசி விற்கிற பெண்மணி இவள்! பாப்பா பென்சிலோடு உள்ளே போனதும் பம்பரம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, எங்களைப் பாத்தா உனக்கு மனுஷங்களாத் தெரியலையா? ஊருக்கெல்லாம் போடறே. உங்கண்ணனுக்கு மட்டும் ஏன் போடலை?"

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பிரித்துப் போட்டிருந்த மிக்ஸியைப் பார்த்தார்.

"போடலாம் அண்ணி. அவசரம் என்ன? மழை முடியட்டும்."

"மழை முடிஞ்சப்புறம் எதுக்கு? கண்ணாடி போட்டு மாட்டி வைக்கவா?"

"அண்ணனுக்கு இதுல இஷ்டம் இல்ல, அதான்..."

"சரி. நீ போட வேண்டாம். நாளைக்கே நான் வேற ஏஜென்ட்டப் பாத்து இவரைக் கையெழுத்துப் போட வைக்கிறேன்."

"ஐயோ வேண்டாம் அண்ணி!"

அந்தக் கத்தலில் பாப்பாவே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பம்பரம் அவளைப் போ என்று சைகை காட்டிவிட்டு நாத்தனார் எதிரே வந்து நின்றாள். நாத்தனார் மென்று முழுங்கினாள். கடைசியில் பேசியது லிஃப்ட்காரர்தான்.

"அவளைத் திட்டாதே. நான்தான் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கினேன். போன வருஷமே போய் அப்ளை பண்ணினேன். எதிர் வீட்டுக்காரர் போனாரே, அடுத்த வாரமே. மெடிக்கல் டெஸ்ட்ல என்னைத் தள்ளிட்டாங்க."

"தள்ளிட்டாங்கன்னா?"

"பிரஷர் எக்கச்சக்கமாம். நெஞ்சுத் துடிப்பும் சரியில்லையாம். எடுக்க மாட்டோம்னுட்டாங்க. இன்ஷூரன்ஸ்காரனே இவன் தேற மாட்டான்னு கை விரிச்சுட்டான்னா என்ன அர்த்தம்?"

ஒரு வருஷம். ஒரு வருஷமாக இந்த மனிதர் வாரன்ட்டி என்றும் விலை என்றும் ஜோக் அடித்ததெல்லாம் இதை மூடி வைக்கத்தானா? ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வேலைக்கு ஓடியது, பாப்பாவுக்குச் செருப்பு வாங்கும்போது இரண்டு சைஸ் பெரியதாக வாங்கியது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? அதான் சொல்லிட்டாங்களே."

"டாக்டரா சொன்னார்? டெஸ்ட் எடுத்த இடம் எங்கே?"

நாத்தனார்தான் சொன்னாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடம், ஏழாவது மாடி.

பம்பரம் சட்டென்று திரும்பினாள். "அந்தக் கட்டடத்து லிஃப்ட் உங்க கம்பெனியோடதா?"

லிஃப்ட்காரர் மிக்ஸி திருகாணி ஒன்றைத் திருக ஆரம்பித்தார். அவர் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. வேறு கம்பெனிக்காரன் பார்க்கிற லிஃப்ட்டில் அவர் கால் வைப்பதில்லை என்பது குடும்பம் அறிந்த கூத்து. பயம் எல்லாம் இல்லை, வெறும் தொழில் கர்வம். கதவு மூடும் சத்தத்திலேயே எண்ணெய் போடவில்லை, கயிறு தளர்ந்திருக்கிறது என்று குற்றம் கண்டுபிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு படியேறிவிடுவார். உறவுக்காரர் கல்யாணங்களில் எல்லோரும் மேலே போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், இவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேருவார்.

"ஏழு மாடியும் படியா?"

"அந்த லிஃப்ட் முனகுற முனகலைக் கேட்டா நீயும் ஏற மாட்டே."

"ஏறிப் போய் உடனே டெஸ்ட்டுக்கு உக்காந்தீங்களா?"

"டோக்கன் கூப்பிட்டுட்டாங்க. ஓடினேன்."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லலையே அண்ணா! நானும் அப்ப இந்த வேலைக்குப் புதுசு அண்ணி. ஆபீஸ்ல கூப்பிட்டு இப்போதைக்கு எடுக்க முடியாது, தள்ளி வச்சிருக்குன்னாங்க. தள்ளி வைக்கிறதுன்னா சும்மா மரியாதைக்குச் சொல்றது, முடியாதுங்கறதைத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு நினைச்சுட்டேன். வேற எங்கே போனாலும் முன்னாடி தள்ளினதைச் சொல்லியாகணும். மறைச்சா நாளைக்குப் பணம் கேக்கறப்ப கையை விரிச்சிடுவாங்க. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

பம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. ஏழு மாடி ஏறிப் போனவரிடம் இதயம் ஏன் இப்படித் துடிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள், இந்த மனிதர் அதை மரண தண்டனையாக எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறார். அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்று எழுத ஆசைதான். தூங்கவில்லை. படிதான் காரணம் என்று மனசு சொல்லும். இல்லாவிட்டால் என்று அதே மனசு அடுத்த நிமிடம் கேட்கும்.

மறுநாள் ஆர்டர்களை ஓரம் கட்டிவிட்டு, அவரைப் பிடித்திழுக்காத குறையாக ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போனாள். அங்கேயும் மாடிதான். அங்கேயும் வேறு கம்பெனி லிஃப்ட்தான். அவர் படியைப் பார்த்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்தாள். லிஃப்ட்டுக்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு, மேலே ஏதோ உரசுகிறது, பேரிங் போகப் போகிறது என்று முணுமுணுத்தபடி வந்தார். பக்கத்தில் நின்ற பெண்மணி பயந்துபோய் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டாள்.

பம்பரம் நர்ஸிடம் போய், கொஞ்சம் ஆறட்டும், பிறகு பாருங்கள் என்று கெஞ்சி, அவரை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தாள். அவர் உட்கார்ந்தார். அவள் அந்த வராந்தாவை அளந்தாள். சுவரில் ஒட்டியிருந்த ஈறு நோய் விளம்பரத்தை வரி விடாமல் படித்தாள். என்ன படித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

டாக்டர் பிரஷரை ஒரு முறை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். ஈசிஜி எடுத்தார்.

"துடிப்பு நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குப் படியேறின படபடப்புதான் அது" என்றார். பம்பரம் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா பிரஷர் படியால வரலைம்மா. அது நிஜமாவே இருக்கு. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்கு மணி அடிச்சுச் சொல்லியிருக்காங்க. நீங்க மணியைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு சுத்தியிருக்கீங்க. இதோட உயரத்துல நின்னு வேலை வேற."

லிஃப்ட்காரர் தலை குனிந்தே இருந்தது. கம்பெனியில் எவனாவது அலாரத்தைக் கழற்றி வைத்தால் அவனை என்ன பாடு படுத்துவார் என்று பம்பரத்துக்குத் தெரியும்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. மாத்திரை எழுதறேன். உப்பைக் குறைங்க. கொஞ்ச மாசத்துல கட்டுக்குள்ள வந்துடும். அப்புறம் பாலிசியும் தருவாங்க, பிரீமியம் கொஞ்சம் அதிகமா வாங்கிக்குவாங்க, அவ்வளவுதான். தரமாட்டாங்கன்னு யார் சொன்னது?"

பம்பரம் மாத்திரைச் சீட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச மாதம். அந்தக் கொஞ்ச மாதம்தான் பம்பரத்தைப் பிடித்து ஆட்டியது. மேகம் மாதக் கணக்குப் பார்த்துக்கொண்டு காத்திருக்குமா? வீடு திரும்பும் வழியில், பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நாத்தனாருக்கு போன் போட்டாள்.

"வீட்டுக்கும் ஓவனுக்கும் இப்பவே போட முடியுமா?"

"போடலாம் அண்ணி. வீட்டுக்குத் தனி, தொழில் சாமானுக்குத் தனி. வெள்ளமும் சேர்த்துத்தான் இருக்கணும், அதை நான் படிச்சுப் பாத்துத் தர்றேன். ஆனா உடனே போடணும். தண்ணி தெருவுக்குள்ள வந்தப்புறம் போய் நின்னா யாரும் தரமாட்டாங்க."

"இவருக்குத்தான் இப்ப ஆகாது. எனக்கு?"

தெருவில் அத்தனை பேரிடம் விற்றவளுக்கு இது தோன்றவே இல்லை. சம்பாதிக்கிற ஆண் உயிருக்குத்தான் விலை என்று எல்லோரையும் போல அவளும் இருந்துவிட்டாள்.

"உங்களுக்குத் தாராளமா போடலாம் அண்ணி," என்றாள் கடைசியில், கொஞ்சம் வெட்கத்தோடு.

மறுநாள் சாயங்காலம் நாத்தனார் வந்து மாவுப் பெட்டி மேலேயே பேப்பரைப் பரப்பினாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வீடு முடிந்தது. ஓவன், ஃபிரீசர், மிக்ஸர் முடிந்தது. பிறகு பம்பரத்தின் முறை. வயது, எடை, பிரசவம், வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று கேள்வி மேல் கேள்வி. லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்து நின்று, வழக்கம் போல ஏதாவது ஜோக் அடிக்க வாய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா பணம் அண்ணனுக்குத்தானே அண்ணி?"

"வேற யாருக்கு? அவருக்குத்தான்."

லிஃப்ட்காரர் விருட்டென்று திரும்பிப் பின்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது. நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

நாத்தனார் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான் அவர் வந்தார். முகம் கழுவியிருந்தார். கண் சிவந்திருந்தது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ என்னைக் கேக்கறப்பெல்லாம் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"பணம் வந்துடும். சரி. நீ இல்லாத வீட்டுல அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணணும்? சொல்லு. விளையாட்டுக்குக் கேக்கல."

ஒரு வருஷமாக அவள் துரத்தித் துரத்திப் பேச நினைத்த பேச்சு இதுதான். இப்போது அவரே கேட்கிறார். வெளியே மழை வலுத்தது. உள்ளறையில் பாப்பா தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா சொல்ல மாட்டா," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "பேச்சு குறையும். அப்ப நெத்தியத் தொட்டுப் பாக்கணும்."

"ம்."

"அழுதா உடனே ஏன்னு கேக்கக் கூடாது. பக்கத்துல போய் சும்மா உக்காரணும். அவளே சொல்லுவா."

"ம்."

"தலை பின்றப்ப இடது பக்கம் மெதுவா. அங்கே அவளுக்கு வலிக்கும். ஒரு நாள் காசு கொடுத்து யாரையாவது வேலைக்கு வைப்பீங்க. அவங்ககிட்டயும் சொல்லணும்."

அவர் சிறுபிள்ளை பாடம் ஒப்பிப்பது போல, விரல் விட்டு எண்ணித் திருப்பிச் சொன்னார். காய்ச்சல் வந்தால் பேச்சு குறையும், நெற்றியைத் தொட வேண்டும். அழுதால் ஏன் என்று கேட்க வேண்டும். தலை பின்னும்போது வலது பக்கம் மெதுவாக.

"தப்பு," என்றாள் அவள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "ரெண்டும் தப்பு."

"சரி," என்றார் அவர். "முதல்லேருந்து சொல்லு."